நாற்பத்தாறு சதுர அடி

அந்தக் கட்டடத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொந்தமான வீடுகள் பதினொன்று. லிஃப்ட்காரர் தன் கண்ணாலேயே எண்ணி வைத்திருந்தார்.

பத்தொன்பது வருடமாக அங்கே லிஃப்டைப் பராமரிப்பவர் அவர்தான். மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். யார் எந்த மாடியில் இறங்குகிறார்கள், யார் சொந்தக்காரர், யார் வாடகை, யார் வீட்டில் விருந்தாளி வந்து மூன்று மாதமாகக் கிளம்பவில்லை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. லிஃப்டில் நின்றால் தானாகக் காதில் விழும்.

லிஃப்ட்காரரும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்தான். அந்த நாட்டுச் சட்டம் வெளிநாட்டுக்காரருக்கு மண்ணைக் கொடுக்காது. அடுக்குவீடு கொடுக்கும். அதிலும் ஒரு கட்டடத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போகக் கூடாது. அந்த நாற்பதுக்குள் வந்தால் வீடு முழுச் சொந்தம். வராவிட்டால் குத்தகை. குத்தகை என்றால் முப்பது வருடம். முடிந்த பிறகு சொந்தக்காரர் மனசு வைத்தால் நீட்டிக்கலாம். வைக்காவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும்.

கட்டடத்தில் முப்பத்தாறு வீடு. நூற்றுக்கு நாற்பது என்றால் பதினாலு. பதினொன்று போனால் மூன்று இடம் மிச்சம். அந்த நாட்டுக்காரரான முதல் மாடி பாட்டு டீச்சர் மகளோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லி வீட்டை விற்க முன்வந்தபோது, லிஃப்ட்காரர் யோசிக்கவே இல்லை. பேசி முடித்து முன்பணமும் கொடுத்தார்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. மனைவிக்கு ஐம்பத்திரண்டு. ஒரு ஹோட்டலில் துணி அறைப் பொறுப்பு அவளுக்கு. நானூறு படுக்கை விரிப்பு, எண்ணூறு தலையணை உறை. இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருடத்தில் ஒன்பது வாடகை வீடு மாறியிருந்தார்கள். பிள்ளை கிடையாது. ஆள் என்று சொல்ல அவளுடைய தம்பி மட்டும் இதே ஊரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

வீடு பார்க்க ஆரம்பித்த நாளிலேயே அவள் ஒன்றைச் சொல்லிவிட்டாள்.

"குத்தகை மட்டும் வேண்டாங்க. முப்பது வருஷம் கழிச்சு எனக்கு எண்பத்திரண்டு. அந்த வயசுல பெட்டியைத் தூக்கிக்கிட்டு எந்தத் தெருவுல போய் நிப்பேன்?"

"எனக்கு எண்பத்தொன்பது. நான் பெட்டிக்குள்ளயே இருப்பேன்."

"வாயைக் கழுவுங்க."

"நிஜத்தைத்தானே சொன்னேன்."

"அதனாலதான் கழுவச் சொல்றேன்."

சிரித்தார்கள். ஆனால் அந்த எண்பத்திரண்டு அவர் மனசில் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டது. அவள் தனியாக இருப்பாள். அவர் இருக்க மாட்டார். அன்றைக்கு யாரும் அவளைப் பார்த்து வெளியே போ என்று சொல்லக் கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பத்திரம் பதிவதற்கு முன்னால் கட்டட அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். நாற்பதுக்குள் இடம் இருக்கிறது என்ற சான்றிதழ். செவ்வாய்க்கிழமை காலை இருவரும் போனார்கள்.

அலுவலகம் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கூரையில் சாய்வு. செயலாளர் அம்மாள் தலை இடிக்காமல் எழுந்திருக்கப் பழகியவர். லிஃப்ட்காரரைப் பார்த்ததும் பிஸ்கட் டப்பாவை நீட்டினார். பிறகு தடியான பதிவேட்டை எடுத்தார். விரலால் வரிசையாகத் தடவிக்கொண்டே வந்தார். கால்குலேட்டரைத் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார்.

"உங்க வீடு எவ்வளவு?"

"அறுநூத்தி நாற்பது சதுர அடி."

"மிச்சம் இருக்கறது ஐநூத்தித் தொண்ணூத்திநாலு."

லிஃப்ட்காரருக்குப் புரியவில்லை.

"பதினாலு வீட்டுக்கு இடம் இருக்கே மேடம். பதினொண்ணுதானே ஆகியிருக்கு?"

"வீட்டை யாரு எண்ணச் சொன்னா? சட்டத்துக்குப் பரப்பளவுதான் கணக்கு. மொத்தம் இருபத்திநாலாயிரம் சதுர அடி. அதுல நாற்பது சதவீதம் ஒன்பதாயிரத்தி அறுநூறு. அஞ்சாவது மாடி, ஆறாவது மாடி எல்லாம் பெரிய பெரிய வீடு. அதுல பாதி உங்களை மாதிரி வெளியிலிருந்து வந்தவங்க. அவங்களே நிறைய எடுத்துட்டாங்க."

"நாற்பத்தாறு அடிதானே குறையுது?"

"ஒரு அடி குறைஞ்சாலும் என்னால கையெழுத்து போட முடியாது சார். நான் போட்டாலும் பதிவு அலுவலகத்துல தூக்கி எறிவாங்க."

லிஃப்ட்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. செயலாளர் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். ரெண்டாவது மாடில ஒரு வீடு விலைக்கு வந்திருக்கு. ஐநூத்தி எண்பது அடி. வாங்கறவங்களும் வெளிநாட்டுக்காரங்க. அடுத்த செவ்வாய் காகிதத்தோட வர்றாங்க. அவங்களுக்கு இந்த ஐநூத்தித் தொண்ணூத்திநாலு போதும். வந்து கேட்டா நான் கொடுத்துத்தான் ஆகணும்."

வெளியே வந்தார்கள். லிஃப்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்கள். உள்ளே பித்தளைப் பலகையில் 'எட்டு பேர், 630 கிலோ' என்று எழுதியிருந்தது.

"ஒண்ணு கேட்கட்டுமா?" என்றாள் மனைவி.

"கேட்காதே."

"ஏழு பேர்தானே ஏறியிருக்கோம், ஏன் மணி அடிக்குதுன்னு யாராவது கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?"

அவர் அந்தப் பித்தளைப் பலகையைப் பார்த்தார்.

"லிஃப்ட் தலையை எண்ணாது, கனத்தைத்தான் பார்க்கும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவரு. சொந்த வீட்டுக்குத் தலையை எண்ணிட்டு வந்து நிக்கறீங்க."

"அடிக்கறதுன்னா ஒரேயடியா அடிச்சிடு."

"அடிச்சாச்சு. வாங்க, பஸ் போயிடும்."

பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு நிறுத்தம் கழித்து, "குத்தகையே எடுத்துக்கலாங்க. முப்பது வருஷம் சின்ன காலமா என்ன" என்றாள். சத்தமில்லாமல், சண்டையில்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

விஷயம் தெரிந்து அன்று மாலையே தம்பி வந்தான். செருப்பைக் கழற்றும்போதே யோசனையும் வந்துவிட்டது.

"மாமா, இதுக்கா மண்டையைக் குழப்பிக்கறீங்க? எங்க முதலாளி இந்த நாட்டுக்காரர்தானே. அவர் பேர்ல வாங்கிடுவோம். நீங்க குடியிருங்க. ஒரு காகிதத்துல தனியா எழுதி வாங்கிக்கலாம்."

"அந்தக் காகிதம் செல்லாதுடா. சட்டப்படி தப்பு."

"யாரு பார்க்கப் போறா?"

அக்கா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"உங்க முதலாளி போன மாசம் உன் ஓவர்டைமைக் கொடுத்துட்டாரா?"

"இந்த மாசம் தர்றேன்னிருக்காரு."

"ஓவர்டைமையே கொடுக்காதவரு வீட்டைக் கொடுப்பாரா? கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடு."

தம்பி கை கழுவப் போனான்.

மறுநாள் லிஃப்ட்காரர் பாட்டு டீச்சரைப் போய்ப் பார்த்தார். வீட்டில் பாதி சாமான்கள் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன. பியானோ இருந்த இடத்தில் தரை மட்டும் நிறம் மாறித் தெரிந்தது. அவர் தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்க வந்திருப்பார் என்று டீச்சர் நினைத்தார் போல. முழுவதும் கேட்ட பிறகு உட்காரச் சொன்னார்.

"நானே குத்தகைக்குத் தர்றேன். முப்பது வருஷம். முடிஞ்சதும் நீட்டிச்சுக் கொடுன்னு என் மகளுக்கு எழுதி வைக்கிறேன்."

"ரொம்பப் பெரிய மனசு டீச்சர்."

"இருங்க, நான் முடிக்கலை. எழுதி வைப்பேன். ஆனா அது நிக்கும்னு என்னால சொல்ல முடியாது. என் வாக்கு என் மூச்சு இருக்கற வரைக்கும். அப்புறம் மகளோடது. அப்புறம் மருமகன், பேரன். பேரன் எப்படி வருவான்னு எனக்கென்ன தெரியும்? இப்போ அவனுக்கு நாலு வயசு. எல்லாத்தையும் கடிக்கறான்."

குத்தகையில் கையெழுத்து வாங்கியிருந்தால் டீச்சருக்கு அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். அவர் அந்தச் சுலபத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

"சொந்தமா வாங்க வழி இருக்கான்னு முதல்ல பாருங்க. திங்கட்கிழமை வரைக்கும் நான் வேற யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன். அந்தப் பதிவேட்டை நீங்க பார்த்தீங்களா? நீங்களே?"

அவர் பார்த்திருக்கவில்லை. எந்த மெஷினாக இருந்தாலும் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் பேச மாட்டார். இதில் மட்டும் அடுத்தவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்பியிருந்தார்.

நேராக மாடிப்படிக்கு அடியில் போனார். செயலாளர் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். வெளிநாட்டுக்காரர் பெயரில் முழுச் சொந்தமாக இருப்பவை பன்னிரண்டு வரி. பதினொன்று வீடு. பன்னிரண்டாவது வரியில் 'அடித்தளம், சாமான் அறை, 52 சதுர அடி' என்று இருந்தது.

"இதுவும் கணக்குல வருதா மேடம்?"

"பத்திரம் இருந்தா வரும். மத்தவங்க எல்லாம் சாமான் அறையைக் குத்தகைக்குத்தான் வெச்சிருக்காங்க. இவர் ஒருத்தர் மட்டும் விலைக்கு வாங்கியிருக்கார்."

"இவர் இதைக் கட்டடத்துக்கே வித்துட்டுக் குத்தகையா எடுத்துக்கிட்டா?"

செயலாளர் பிஸ்கட்டைக் கடித்தபடி யோசித்தார். "ஐம்பத்திரண்டு அடி விடுதலை ஆகும். அப்போ மிச்சம் அறுநூத்தி நாற்பத்தாறு. நூறு அடிக்குள்ள இருந்தா பொதுக்குழுவும் கூட்ட வேண்டாம். சங்கத் தலைவரும் நானும் கையெழுத்து போட்டாப் போதும்." பிறகு பரிதாபமாகப் பார்த்தார். "ஆனா அவர் யாருன்னு பேரைப் பார்த்தீங்களா?"

பார்த்தார். அஞ்சாவது மாடி இஞ்சி.

இஞ்சி என்பது மனைவி வைத்த பேர். அவர் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்தாள். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்துமூன்று. தனியாள். வேறு ஏதோ நாட்டிலிருந்து வந்தவர். லிஃப்ட் கம்பெனிக்கு அவர் எழுதிய புகார்கள் மட்டும் ஒரு ஃபைல் நிறைய இருந்தன. மூன்றாவது மாடியைத் தாண்டும்போது லிஃப்ட் ஒரு சத்தம் போடுகிறது என்பதுதான் எல்லாப் புகாரும். லிஃப்ட்காரர் முப்பது தடவையாவது போய்ப் பார்த்திருப்பார். எதுவும் கேட்காது. 'குறை எதுவும் இல்லை' என்று எழுதிவிட்டு வருவார். இஞ்சி மறுநாளே அடுத்த புகாரை எழுதுவார்.

"அவர்கிட்ட நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேட்பேன்?" என்றார் வீட்டில்.

"இருக்கற மூஞ்சியை வெச்சுக்கிட்டுத்தான். வேற எங்க போய் வாங்கறது?"

"கதவைச் சாத்துவாரு."

"சாத்தட்டும். சாத்தின கதவு எத்தனை பார்த்தாச்சு. நானும் வர்றேன்."

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போய் மணி அடித்தார்கள். இஞ்சி கதவைத் திறந்தார். லிஃப்ட்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"சத்தம் கேட்டுதா?"

"இல்லை சார். வேற விஷயமா வந்தோம். இது என் மனைவி."

இஞ்சி மனைவியைப் பார்த்தார். நகர்ந்து வழிவிட்டார்.

கூடத்தில் இரண்டே இரண்டு நாற்காலி. அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டார். சுவரில் ஒன்றுமில்லை. மேசையில் பிரித்துப் போட்ட ஒரு கைக்கடிகாரம் இருந்தது. ஒவ்வொரு துண்டும் ஒரு வெள்ளைக் காகிதத்தில் வரிசையாக. லிஃப்ட்காரர் அந்த வரிசையைப் பார்த்தார். எந்தத் துண்டு எதற்குப் பிறகு என்று கலையாமல் இருந்தது. ஏனோ அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் மனைவியைத்தான் பார்த்தார்.

மனைவிதான் பேசினாள். துணி மடிப்பது மாதிரி, ஓரத்தோடு ஓரம் சேர்த்துச் சொன்னாள். எண்ணியதில் வந்த தப்பு. நாற்பத்தாறு அடி. அடுத்த செவ்வாய். எண்பத்திரண்டு வயது.

"உங்க அறை உங்ககிட்டயேதான் இருக்கும் சார். சாவி உங்ககிட்டதான். பத்திரம் மட்டும் குத்தகையா மாறும். அதுக்கு முப்பது வருஷம்தான் தருவாங்க. அதனால உங்களுக்கு இது நஷ்டம். இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

இஞ்சி கணக்குப் போட்டார்.

"என் அறை ஐம்பத்திரண்டு. உங்களுக்குக் குறையறது நாற்பத்தாறு. மிச்சம் ஆறு அடி யாருக்கு?"

லிஃப்ட்காரர் திகைத்தார். "யாருக்கும் இல்லை சார். சும்மா கிடக்கும்."

"ஒரு ஆள் படுக்கலாம்" என்றார் இஞ்சி. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அது நகைச்சுவை என்று புரிய அவர்களுக்குச் சற்று நேரம் ஆனது.

"பதிவுச் செலவு எங்களோடது சார்" என்றார் லிஃப்ட்காரர் அவசரமாக.

"பின்னே என்னோடதா?"

"இல்லை சார்."

"திங்கட்கிழமை வர்றேன்."

அவ்வளவுதான். லிஃப்ட்காரருக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. கையில் இருந்தது ஒன்றுதான்.

"சார், அந்தச் சத்தம். நாளைக்கே வந்து முழுசா கழட்டிப் பார்த்துடறேன். எத்தனை மணி நேரம் ஆனாலும்..."

"அதையும் இதையும் முடிச்சுப் போடாதே. அது உன் வேலை. இந்த அறை இல்லாட்டாலும் நீ அதைப் பார்த்திருக்கணும்."

லிஃப்ட்காரர் தலை குனிந்தார். உறைத்தது. ஆனால் வலிக்கவில்லை.

வாசல் வரை வந்த பிறகு மனைவி திரும்பினாள். "ஏன் சார் சரின்னீங்க?"

இஞ்சி கதவுப் பிடியில் கை வைத்தபடி யோசித்தார். கேள்வி அவருக்கே புதிது போலிருந்தது.

"நான் இந்த வீட்டை வாங்கினப்போ, வரிசைல எனக்குப் பின்னாடி ஒருத்தர் இருந்தார்னு சொன்னாங்க. நான் எடுத்துக்கிட்டதால அவருக்குக் கிடைக்கலை. சாமான் அறையும் சேர்த்து வேணுமான்னு கேட்டாங்க. அதையும் கொடுன்னேன். தேவையே இல்லை. இருந்துட்டுப் போகட்டும்னு வாங்கினேன்." நிறுத்தினார். "அந்த ஆள் யாருன்னு நான் கேட்கவே இல்லை."

கதவைச் சாத்தினார்.

இருவரும் லிஃப்டில் கீழே இறங்கினார்கள். மூன்றாவது மாடியில் லிஃப்ட்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார். தகரத்தில் நகம் பட்ட மாதிரி, மிகச் சின்னதாக, ஒரு கீறல்.

"கேட்டுதா?" என்றார்.

"எனக்கு மேலே ஏறும்போதே கேட்டுது" என்றாள் அவள். "உங்களுக்கும் கேட்டிருக்கும்னுதான் நினைச்சேன்."

புகாருக்குப் பார்க்க வந்தபோதெல்லாம் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்றுதான் கேட்டிருந்தார். உள்ளே நின்று போகிறவருக்குக் கேட்பது மேலே கேட்காது. மறுநாள் நான்கு மணி நேரம் செலவழித்து, கூண்டின் அடியில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும், தேய்ந்துபோன ஒரு வழிகாட்டிக் கட்டையை மாற்றினார். புகார் ஃபைலில் கடைசித் தாளை எடுத்து 'குறை இருந்தது. தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரி என்ன சொல்வாரோ என்று முதல் தடவையாகக் கவலைப்படவில்லை.

திங்கட்கிழமை பதிவு அலுவலகம் எட்டு மணிக்குத் திறக்கும். அங்கே டோக்கன் முறை. முன்னால் வந்தவருக்கு முன்னால். லிஃப்ட்காரரும் மனைவியும் ஏழே காலுக்குப் போனார்கள். வாசலில் முப்பது பேர் இருந்தார்கள். மனைவி அவர் கையைப் பிடித்தாள். முதலில் சாமான் அறை பதிய வேண்டும். பிறகு செயலாளர் சான்றிதழ் எழுத வேண்டும். அதன் பிறகுதான் வீடு. பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள். ஒரே நாளில் நடக்குமா?

வரிசையின் முதல் ஆள் திரும்பிப் பார்த்தார். இஞ்சி. கையில் இரண்டு டோக்கன். ஒன்று, இரண்டு.

"அஞ்சு மணிக்கு வந்தேன். கப்பல்ல அந்த நேரத்துக்கு எழுந்து பழக்கம்" என்றார், யாரோ குற்றம் சாட்டியது போல. "ரெண்டாவது டோக்கனைத் தர மாட்டேன்னான் வாட்ச்மேன். அரை மணி நேரம் பேசினேன்."

அரை மணி நேரம் அவர் என்ன பேசியிருப்பார் என்று லிஃப்ட்காரருக்குத் தெரியும். அந்த வாட்ச்மேனுக்காக மனசுக்குள் வருத்தப்பட்டார்.

டீச்சர் மகளோடு வந்தார். எல்லாவற்றையும் கடிக்கும் பேரனும் வந்திருந்தான். செயலாளர் முத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, தலைவர் கையெழுத்தோடு வந்தார். எட்டரைக்கு சாமான் அறை கட்டடத்தின் பேருக்குப் போய், குத்தகையாகத் திரும்பி வந்தது. செயலாளர் ஜன்னல் விளிம்பில் வைத்தே சான்றிதழை எழுதி முத்திரை குத்தினார். இரண்டாவது டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

வீட்டை மனைவி பேரில் மட்டும் எழுதச் சொன்னார் லிஃப்ட்காரர். அவளுக்கு அது அப்போதுதான் தெரியும்.

"என்னங்க இது?"

"நீ என்னை வெளிய அனுப்பாம இருந்தாச் சரி."

"அது உங்க நடத்தையைப் பொறுத்து."

பதிவாளர் படிவத்தைக் கட்டம் கட்டமாக நிரப்பினார். இஞ்சியின் குத்தகைப் படிவம் பக்கத்திலேயே கிடந்தது. அதில் 'முடியும் தேதி' என்ற கட்டத்தில் முப்பது வருடம் தள்ளி ஒரு தேதி. இவர்கள் படிவத்தில் அந்தக் கட்டம் வந்தபோது பதிவாளர் பேனாவால் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். அரை வினாடி வேலை. மனைவி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பார்க்காத மாதிரி இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவளுக்கு அவகாசம் வேண்டும்.

வெளியே நல்ல வெயில். டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டார். "சுவர் மெல்லிசு. பக்கத்து வீட்டுக்காரர் பாடினா கேட்கும். மோசமாப் பாடுவார். நான் பதினைந்து வருஷம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன்" என்றார். செயலாளர் அடுத்த வாரம் புதுச் சொந்தக்காரருக்கான காகிதம் தருவதாகச் சொல்லி ஓடினார்.

இஞ்சி யாரிடமும் சொல்லாமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார். மனைவி அவர் பின்னால் விரைந்தாள். லிஃப்ட்காரரும் போனார்.

"சார்."

நின்றார்.

அவள் வாயைத் திறந்தாள். இருபத்தாறு வருடமாக அந்த நாட்டு மொழி பேசுகிறவள். நன்றி என்ற சொல்லைக் கடையில், பஸ்ஸில், ஹோட்டலில் தினமும் நூறு தடவை சொல்கிறவள். அதே சொல்லைத்தான் இப்போதும் சொல்ல வேண்டியிருந்தது. வேறு இல்லை. சொன்னாள். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு சொன்னாள்.

இஞ்சிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. காகித உறையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"அது ஒண்ணும் இல்லை. என் குத்தகை முடியற அன்னைக்கு வந்து அறையைத் திருப்பிக் கேட்பேன். முப்பது வருஷம். நாள் குறிச்சு வெச்சுக்கோங்க."

முகத்தில் இன்னமும் எந்த மாற்றமும் இல்லை. இந்தத் தடவை அவளுக்கு உடனே புரிந்தது.

"நூத்திமூணு வயசுல வரப் போறீங்களா?"

"ஏன், வரக் கூடாதா?"

"வாங்க சார்" என்றாள். "தாராளமா வாங்க. முதல் மாடில மணி அடிங்க. நான் இருப்பேன்."